தொண்டையைப் பார்த்தவர்

கம்பத்துக் கடைத்தெரு முனையில் ஒரு மீன் லாரி நின்றிருந்தது. குமுளி மலை இறங்கி வந்த லாரி. பின்பலகை இடுக்கு வழியாக ஐஸ் உருகி, செதிலும் உமியும் கலந்து, சாம்பல் நிறத்தில் ரோட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு தாண்டினேன். தாண்டியும் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மண்டியில் யாரோ ஒரு சாக்கின் வாயைப் பிரித்தார்கள். ஏலக்காய்.

இரண்டு வாடையும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் அந்த மனிதர் நின்றார்.

அவர் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நெருப்பு அவரைத் தின்று செரித்து, சாம்பல் முல்லையாற்றில் கரைந்து, அந்தத் தண்ணீர் எத்தனை வயலில் பாய்ந்து எத்தனை பேர் வயிற்றுக்குள் போனதோ. என் தொண்டைக்குழி தானாக ஒரு தரம் ஏறி இறங்கியது. உடனே கையால் மூடிக்கொண்டேன். நரை விழுந்த பொம்பளை ஒருத்தி நடுரோட்டில் கழுத்தைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பஸ் கண்டக்டர், "என்னம்மா, முள்ளு கிள்ளு சிக்கிருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பேசும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கூச்சக்காரர்கள் தரையைப் பார்ப்பார்கள். அவர் தொண்டையைப் பார்ப்பார். அதுவும் நீங்கள் சாப்பிடும்போது. நீங்கள் மெல்லுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பல்லிடுக்கில் என்ன நடந்தாலும் காத்திருப்பார். அந்தக் கவளம் நாக்கின் பின்பக்கம் சரிந்து, தொண்டை முடிச்சு மேலே ஏறி, ஒரு நொடி நின்று, கீழே இறங்கும் பாருங்கள், அப்போது அவருடைய இமைகள் லேசாக மூடும். தானே விழுங்கியதுபோல ஒரு சொகம். பிறகு கேட்பார்:

"எறங்கிருச்சா?"

இறங்கியது அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதானே இருந்தார். ஆனாலும் நீங்கள் உங்கள் வாயால் சொல்லவேண்டும். "எறங்கிருச்சு." சொன்ன பிறகுதான் முன்னால் நீண்டிருந்த கை பின்னால் போகும்.

அவர் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். மலையிலிருந்து இறங்குகிற காயில் பாதி அவர் மண்டி வழியாகத்தான் போகும் என்பார்கள். அவர் வேட்டி, துண்டு, காது மடல், எல்லாம் ஏலக்காய் வாடை. மற்றவர்களுக்கு ஏலக்காய் என்றால் பாயசம், கல்யாணம். எனக்கு அது ஒரு பெருவிரல் நகம். காயை உடைத்து உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வலது கைப் பெருவிரலில் நீளமாக ஒரு நகம் வளர்த்திருந்தார். பழுப்பு நிறம். நுனி சற்று வளைந்திருக்கும். அதற்கடியில் எப்போதும் ஏதாவது ஒன்று, தூசியோ, பிசினோ, அன்று தின்னக் கொடுத்ததன் மிச்சமோ.

தேனிச் சந்தைக்குள் என் அய்யா பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்ற கடைக்கு, சந்தை நாளில் அவர் தவறாமல் வருவார். எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. வாழைச்சருகில் மடித்த அல்வாவோடு வந்தார் ஒரு நாள்.

"வாயத் தொற பாப்பா."

"குடுங்க, நானே தின்னுக்கிறேன்."

"நீயே திங்கிறதுக்கு நான் எதுக்கு? தொற."

அந்த நகம் என் நாக்கில் பட்டது. அல்வாவின் நெய்யைத் தாண்டி, சீனியைத் தாண்டி, மண்ணும் வேர்வையும் ஏலக்காயுமாக ஒரு கசப்பு. துப்பலாம் என்றால் அவர் கண் என் கழுத்தில் இருந்தது. பல்லி பூச்சியைப் பார்க்குமே, அப்படி. விழுங்கினேன். "எறங்கிருச்சா?" என்றார். அய்யா தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சொல்லுத்தா" என்றார். சொன்னேன். அந்த 'சொல்லுத்தா'வில் இருந்த பயம் அன்று எனக்குப் புரியவில்லை.

பிறகு புரிந்தது. எங்கள் ஊரில் அவர் யாரையும் மிரட்டியதில்லை, கை ஓங்கியதில்லை. சோறு போட்டார். அவ்வளவுதான். வாய்க்கால் மடையைத் திறந்து அடைக்கிற காவல்காரர் ஒருவர், தண்ணீர் முறையில் யாருக்கும் வளையாத ஆள், எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து புலம்பியதைக் கேட்டிருக்கிறேன்.

"என்னத்தச் சொல்லுறது அண்ணே. மண்டிக்கு வாயான்னு கூப்பிட்டாக. போனேன். குடல்கறி. அவுகளே உருட்டி உருட்டி வாயில வக்கிறாக. ஆட்டுக்குடலா எங்குடலான்னு தெரியல. எறங்கிருச்சா எறங்கிருச்சான்னு கேட்டாக. எறங்கிருச்சு மொதலாளின்னேன். மறுநா அவுக தோட்டத்துக்கு மட தொறந்து கெடக்கு. நான்தேன் தொறந்திருக்கேன். எப்பத் தொறந்தேன்னே தெரியல."

சொல்லிவிட்டு அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார், அதற்குள் வேறு யாரோ குடியிருப்பதுபோல.

அப்படியெல்லாம் ஊட்டுகிறவர் தான் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எந்த விருந்திலும் அவர் முன்னால் இலை கிடையாது. "நான் அப்பறம்" என்பார். அந்த அப்பறம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயசில் பட்டினி கிடந்தவராக இருக்கும், அதுதான் ஊட்டி ஊட்டிப் பார்க்கிறார் என்று இரக்கப்பட்டுப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். நானும் அவருக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை முட்டி மோதிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. மூன்று தலைமுறையாக மண்டி. பட்டினி அந்த வீட்டு வாசலில் கூட உட்கார்ந்ததில்லை.

வீரபாண்டித் திருவிழாவில் அவருடைய மருமகளைப் பார்த்தேன். ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். கன்னம் உப்பி, கண்கள் உள்ளே போய், வளையல் சதையில் பதிந்து கிடந்தது. மாமனார் எதிரே குத்தவைத்து, கொழுப்போடு சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள், "மருமகமேல எம்புட்டுப் பிரியம் பாரு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவருடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கை மென்றுகொண்டிருந்தான். வட்ட முகம். வாய் மூடியும் மூடாமலும். அவனும் அப்படி வளர்ந்தவன்தானே.

"போதும் மாமா."

"போதுங்கறத நான் சொல்லணும் தாயி."

அவள் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. ராட்டினச் சத்தத்துக்கும் தவிலுக்கும் நடுவில் எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

அடுத்த மழைக்குள் அவள் வருசநாட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பவில்லை. கூப்பிட இவரும் ஆள் அனுப்பவில்லை. எங்கள் கடையில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க போயிருவா தம்பி? அவ கை காலுல ஓடுற ரத்தம் நான் போட்ட சோறு. எத்தன வருசம் அங்கன கெடந்தாலும் அவ எங்க வீட்டு உருப்படிதான்."

அவள் அங்கே இருக்கும்போதே, மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண் தேட ஆரம்பித்தார். தேடவெல்லாம் இல்லை. சந்தை நாளில் வந்து உட்கார்ந்து என் கழுத்தைப் பார்த்தார்.

ஆத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அடுப்படியில் அய்யாவை நிறுத்திச் சொன்னாள்: "இந்தாங்க, இனிமே அவுக எடத்துல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. நீங்களும் சரி, இவளும் சரி."

பெண் கொடுக்கிற வீடு, எடுக்கிற வீட்டில் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. இன்றைக்கும் எங்கள் பக்கம் அப்படித்தான். அன்றைக்கு இன்னும் கெட்டி. சம்மதம் என்று வாயால் சொல்லத் தேவையே இல்லை. ஒரு வாய் சோறு போதும். பிறகு மாட்டேன் என்றால் நாக்கு மாறியவர்கள் என்று ஊர் பேசும். அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். மண்டிக்காரரின் நீட்டிய கையும் எங்கள் வீட்டுச் சம்மதமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தன.

நேராக முடியாது என்று சொல்லிவிடலாமே? முடியாது. உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று மதுரை போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன சமயம் அது. பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் முக்கி முனகி ஓடியது. சரக்கு ஏற்ற மாட்டுவண்டிதான் கதி. வண்டிகளெல்லாம் அவருடையவை. அவர் வண்டி வராவிட்டால் எங்கள் கடையில் புண்ணாக்கு இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் விரதம் பெருகியது. வெள்ளி என்றால் ஆத்தாவுக்கு அம்மன் விரதம். செவ்வாய் எனக்கு. சனிக்கிழமை அய்யாவுக்குப் பெருமாள். அய்யா அதுவரை பெருமாள் கோயில் பக்கம் போனதே இல்லை. மற்ற நாளில் யாருக்காவது வயிற்றுப்போக்கு. ஒரு தடவை மூன்று பேருக்கும் ஒரே நாளில் பல்வலி. மண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டார். "ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி. வெரதம் என்னிக்காவது முடியும்ல" என்றார். அவருக்கு அவசரமே இல்லை. தொண்டையில் மட்டும் கண்.

அப்போதுதான் தேனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ரங்கூன்காரர் கடை வந்தது. ரங்கூனில் ஒரு சீனாக்காரனின் சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் நின்றவராம். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். உடம்பில் எலும்புக்கு மேல் தோல்தான். தகரக் கூரை, கீற்றுத் தட்டி, வாசலில் சிவப்புக் காகிதக் கூண்டுக்குள் விளக்கு. "சீனாச் சாப்பாடு, கடல் மீன், நண்டு" என்று பலகை. குடும்பத்தோடு வந்து சாப்பிட உள்ளே தட்டி மறைத்த இடம். கடலை ஜென்மத்தில் பார்க்காத ஊரில் கடல் மீன். ஒரு வாரம் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது.

மண்டிக்காரர் வந்தார். "தம்பி, ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வாங்க. சீனாச் சாப்பாடு சாப்பிட்டுப் பாப்போம்."

அய்யா எச்சில் விழுங்கினார். அதையும் அவர் பார்த்தார். உள்ளிருந்து ஆத்தா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அது சரிப்படாதுங்க மொதலாளி. சம்பந்தப் பேச்சு அடிபடுற எடத்துல கை நனைக்கிறது மொறையில்ல."

"என்ன தாயி, ஒங்களுக்கு வெளங்கலையா? எங்க வீட்டுக்கா கூப்பிட்டேன்? கடை. காசு குடுத்தா ரோட்ல போறவனும் திங்கலாம். நீங்க திங்கிறதுக்கு நீங்களே குடுத்துக்கங்க. நான் சும்மா தொணைக்கு உக்காந்திருக்கேன். இதுக்கும் மாட்டேன்னா, இந்த மண்டிக்காரன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைன்னு அர்த்தம். அப்பறம் என் வண்டி மட்டும் ஒங்க கடைக்கு எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆத்தா அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். கடைச் சோறு, கை நனைத்ததாக ஆகாது. கிளப்புக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றவர்களெல்லாம் சம்பந்தியாகிவிட்டார்களா? நம் காசு, நம் வாய். விடிந்ததும் சொன்னாள்: "போயிட்டு வந்துருவோம். கடைதானே."

போனோம். பொழுது சாய்கிற நேரம். வாசலிலேயே வாடை அடித்தது. அது நாற்றம் மட்டுமில்லை, ஈரமான ஒரு கை மூக்கைப் பிடிப்பது மாதிரி இருந்தது. கொச்சிப் பக்கமிருந்து மலை ஏறி இறங்குவதற்குள் ஐஸ் செத்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு பகல் கழிந்த மீன். அதன்மேல் வறுத்த எள்ளெண்ணெய், இஞ்சி, ஏதோ புளித்த கறுப்புச் சாறு. ரங்கூன் ஆட்கள் நாப்பி என்று சொல்கிற அரைத்துப் புளிக்கவைத்த கூனி இறாலை ஒரு ஜாடியில் வைத்திருந்தார்கள். அந்த ஜாடி திறந்திருந்தது.

உள்ளே ஒரு வட்ட மேசை. அதுவரை நான் வட்டமாகச் சாப்பிட்டதில்லை. வரிசையாக உட்கார்ந்து, அவரவர் இலை, அவரவர் கை. இங்கே எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். அவரவர் முன்னால் ஒரு சின்னத் தட்டு, நடுவில் ஒரே பெரிய பீங்கான் தட்டு. அதில் எல்லோரும் கை போட்டு எடுக்கவேண்டும். சீனாக்காரர்கள் அப்படித்தானாம். குச்சியால் எடுத்துக்கொள்வார்களாம். எங்களுக்குக் குச்சி தெரியாது. கைதான்.

"வாங்க தாயி, இங்கன உக்காருங்க. தம்பி, நீங்க இங்கன. பாப்பா, நீ எனக்கு எதுக்க உக்காரு. அப்பத்தான் தெரியும்."

என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அவர் மகனும் இருந்தான். நான் இருக்கிற திசையையே பார்க்கவில்லை, பாவம். சோறு வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரங்கூன்காரர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நடுத்தட்டில் வைத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிசி மாவில் இழுத்த நூல், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எண்ணெயில் மினுமினுத்தது. தலையும் மீசையுமாக இறால். வெள்ளை வளையங்களாகக் கணவாய். கடித்தால் பல்லைத் தள்ளியது, யாருடைய காதையோ மெல்லுவதுபோல. முழு மீன் ஒன்று, கண் வெந்து வெள்ளையாகத் துருத்திக்கொண்டு. அதன்மேல் இஞ்சியைச் சீவி அள்ளிப் போட்டிருந்தார்கள். இஞ்சி என்ன செய்யும்? பிணத்துக்குப் போட்ட மாலை மாதிரிக் கிடந்தது.

ஆத்தா முதலில் தொடவில்லை. நண்டு வந்ததும் அவளுக்குக் கை நிற்கவில்லை. வயல் நண்டு தின்று வளர்ந்தவள் அவள். இந்தக் கடல் நண்டின் கொடுக்கு அவள் மணிக்கட்டுப் பருமன் இருந்தது. "கடைதானே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எடுத்தாள். அய்யா மீனில் முள் பார்ப்பதுபோல நேரத்தைக் கடத்தினார். மண்டிக்காரருக்கு முன்னால் வழக்கம்போலத் தட்டு இல்லை.

ஆனால் கை இருந்தது. நடுத்தட்டில் ஒரு நண்டை எடுத்தார். ஓட்டைத் தன் கடைவாயில் வைத்துக் கடித்தார். நொறுங்குகிற சத்தம். எச்சில் வழிந்த ஓட்டை விரித்து, அந்த நகத்தால் உள்ளிருந்த சதையைத் தோண்டித் தோண்டி எடுத்து, நகத்தின் நுனியிலேயே வைத்து, மேசையைத் தாண்டி என் உதட்டுக்கு நேரே நீட்டினார்.

"ஒனக்காகத்தான் பாப்பா."

ஆத்தாவின் கை நின்றது. அய்யா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன். சதை மெத்தென்று, இளஞ்சூடாக, உப்பாக இருந்தது. உப்பு கடலுடையதா, அவருடையதா? அவர் குனிந்து, கழுத்தை நீட்டி, என் தொண்டையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அதை வாயில் வைத்திருக்கமுடியும்? ஏறியது. நின்றது. இறங்கியது. அவருடைய இமை மூடியது.

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். இரண்டு வருசமாக அவருக்குள் இழுத்துப் பிடித்திருந்த ஒன்று தளர்ந்ததுபோல இருந்தது. பிறகு வேறு எதையும் ஊட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அய்யா எழுந்து மடியை அவிழ்த்துக்கொண்டு ரங்கூன்காரரிடம் போனார். "எங்க மூணு பேருக்கும் எவ்வளவுய்யா ஆச்சு?"

ரங்கூன்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "அய்யோ, என்னைய வம்புல மாட்டாதீகய்யா. கடை அவுகளுது. அரிசி அவுக வீட்டு அரிசி. வெறகு அவுக தோட்டத்து வெறகு. நடந்து வந்து விழுந்து கெடந்த என்னைய எடுத்துக் கஞ்சி ஊத்துனதும் அவுகதான். நான் கரண்டி பிடிக்கிறவன்."

திரும்பிப் பார்த்தோம். மண்டிக்காரர் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்க மச்சான்" என்றார்.

"என்ன சொன்னீக?"

"மச்சான்னு சொன்னேன். இனிமே வேற எப்பிடிச் சொல்ல? தங்கச்சி கை கழுவிட்டு வரட்டும். பெரியய்யா, அந்தத் தட்ட எடுத்துக்கிட்டு இப்பிடி வாங்க."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய பெரியப்பா வந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். தளர்ந்த கிழவர். கையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ வைத்த தாம்பாளம்.

"கடைன்னு சொன்னீகளே" என்றாள் ஆத்தா. அவள் விரலில் நண்டுக் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"கடைதான் தங்கச்சி. யாரு கடைன்னு நீ கேக்கலையே. எங்க வீட்டு அரிசி, எங்க வீட்டு உப்பு. அதுவும் ஒரே தட்டுல கை நனைச்சாச்சு. இத்தன வெரதமும் இன்னியோட முடிஞ்சு போச்சு." என் பக்கம் திரும்பினார். "என்ன மருமகளே?"

மருமகளே. அந்தச் சொல் ஒரு விரல். அது என் வாய்க்குள் வந்து, தொண்டைக்குள் இறங்கி, வயிற்றில் கிடந்த அந்தச் சதையைத் தொட்டது. வருசநாட்டில் ஒருத்தி தன் ரத்தம் தன்னுடையதில்லை என்று உட்கார்ந்திருக்கிறாள். நாளை நானும். ஏறி இறங்குகிற ஒரு தொண்டை, அதற்குக் கீழே ஒரு சாக்கு. என் உடம்பு முழுவதும் அவர் நகத்தடி அழுக்காக மாறிக்கொண்டிருந்தது, கணத்துக்குக் கணம், செரித்துச் செரித்து.

இன்னும் செரிக்கவில்லை.

எழுந்தேன். இரண்டு விரலை உள்ளே விட்டேன், அடிநாக்கு வரை. அவ்வளவு ஆழத்துக்கு அவர் நகம் கூடப் போனதில்லை. வட்ட மேசைக்குப் பக்கத்தில், அவர் காலடியில், எல்லாம் வந்தது. மாவு நூல், கணவாய், இஞ்சி, எல்லாவற்றுக்கும் கடைசியில் அது.

மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பரவால்ல, பரவால்ல" என்றார் மண்டிக்காரர். குரல் குழைந்திருந்தது. "மொதத் தடவ. கடல் மீனு ஒத்துக்கல. ஏய், ஒரு செம்பு மோர் கொண்டா." ரங்கூன்காரர் நீட்டிய செம்பை வாங்கி, என் மோவாயை ஒரு கையால் நிமிர்த்தி, அவரே என் உதட்டில் வைக்க வந்தார். கண் பழையபடி என் கழுத்துக்குப் போனது. நான் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

அப்போது ஆத்தா, "தள்ளுங்க" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். மோர் சிந்தியது. நண்டுக் குழம்பு ஒட்டிய அதே விரலை அவளும் தொண்டைக்குள் விட்டாள். அவ்வளவு ஆசையாகத் தின்றவள். கண்ணில் நீர் வழிய, ஒரு வாய் விடாமல் கொட்டினாள். கொட்டிவிட்டு வாயைத் துடைக்காமல் அய்யாவைப் பார்த்தாள்.

அய்யா பயந்த மனுசன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முயன்றார். வரவில்லை. ஓக்களித்து ஓக்களித்து வெறும் காற்றுதான் வந்தது. குனிந்த அவர் முதுகைப் பார்த்தபோது, தான் எதைக் கக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கும் தெரிந்தது: கடை, வண்டி, சந்தையில் இருந்த இடம். அப்படியேதான் ஆனது. பிறகு அய்யா பல வருசம் சரக்கைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றார். ஆத்தா பக்கத்தில் போய் அவர் நெற்றியை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள், காய்ச்சல் பிள்ளைக்குப் பிடிப்பதுபோல. "வந்துரும். வந்துரும்ங்க" என்றாள். வந்தது.

கிழவர் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "ஏலே, தட்டு எடுத்த நேரத்துல இப்பிடியா?"

"அது ஒண்ணுமில்ல பெரியய்யா, மீனு கொஞ்சம் பழசு..."

"மீனாம்ல மீனு! தாலி ஏறுமுன்ன மூணு பேரு ஒங்கஞ்சியக் கக்கிட்டாக. என் கண்ணால பாத்தேன். இந்தத் தட்ட நான் குடுக்க மாட்டேன், எம்பேருக்கு ஆகாது." துண்டை எடுத்து வெற்றிலைமேல் மூடினார், முகத்தை மூடுவதுபோல.

மண்டிக்காரர் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எங்கள் மூன்று பேரின் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாத கண். முதல் முறையாக அவருடைய சொந்தத் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லாமல்.

ஆத்தா என் கையைப் பிடித்தாள். அவள் விரலும் என் விரலும் ஒரே பிசுபிசுப்பு. வாசல்வரை வந்துவிட்டோம். அவர் பின்னாலேயே வந்தார். அந்த ஏலக்காய் வாடையோடு, அந்தக் குழைந்த குரலோடு.

"போயிட்டு வாரோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தங்கச்சி."

ஆத்தா திரும்பினாள்.

"போறோம்."